மேல் தட்டினரும் கீழ்த் தட்டினரும்



நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாக நமக்குக் கிடைத்த ஹதீஸ் ஒன்று புகாரி ஷரீஃபில் இருக்கிறது. பயான்களில் பலமுறை கேட்டிருப்பீர்கள். ஒரு கூட்டத்தார் கப்பலில் இடம் பிடிக்கச் சீட்டுப் போட்டார்கள். சிலருக்கு மேல் தட்டு விழுந்தது, சிலருக்குக் கீழ்த் தட்டு. கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமானால் மேலே ஏறி, மேல் தட்டினரைத் தாண்டித்தான் போக வேண்டும். அவர்களுக்குத் தொந்தரவு கொடுப்பானேன், நம் பங்கிலேயே ஒரு துவாரம் போட்டுக்கொள்வோம் என்று கீழ்த் தட்டினர் எண்ணினார்கள். மேலே உள்ளவர்கள் பேசாமல் விட்டுவிட்டால் இரு கூட்டமும் மூழ்கும். கையைப் பிடித்துத் தடுத்தால் இரு கூட்டமும் பிழைக்கும். இதுவே நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய உவமையின் கருத்து.

இந்த ஹதீஸைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் தீமையைத் தடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுவார்கள். அது சரியே. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். துவாரம் போட நினைத்தவர்கள் கெட்டவர்களல்லர். அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாதென்றுதான் நினைத்தார்கள். மேல் தட்டில் இருந்த ஒருவர் ஒரு வாளியையும் ஒரு முழக் கயிற்றையும் எடுத்து வைத்து, "வாருங்கள், நான் மொண்டு தருகிறேன்" என்று சொல்லியிருந்தால் துவாரம் போடும் பேச்சே எழுந்திராது. இது சாதாரணக் கடைக்காரனுடைய விளக்கம். உலமாப் பெருமக்கள் இதில் பிழை கண்டால் திருத்தட்டும்.

சிங்கப்பூரில் வாழும் நமக்கு இந்த உவமையைப் புரிந்துகொள்ளக் கடலுக்குப் போக வேண்டியதில்லை. இந்நாட்டவரில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். எந்த இனமும் ஒரே புளோக்கில் ஒதுங்கிக் கூடிவிடாமல் இருக்க 1989ஆம் ஆண்டு முதல் விகிதம் வைத்து வீடுகள் போகின்றன. ஆகவே மேலே ஒரு சீனக் குடும்பம், கீழே ஒரு மலாய்க் குடும்பம், எதிரே ஒரு தமிழ் ஹிந்துக் குடும்பம், பக்கத்து வீட்டில் பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவர் என்று நம் கப்பல் நிரம்பியிருக்கிறது. நாற்பது வீடு வரை அண்டை வீடே என்று முன்னோர் சிலர் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாடிக்குப் பத்து வீடு என்றால் நாற்பது வீடு நாலு மாடிக்குள் முடிந்துபோகும். அந்த நாற்பதில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

தீயைப் பற்றி முதலில் பேசுவோம். மதீனாவில் ஒரு வீடு இரவிலே குடும்பத்தார் உள்ளிருக்க எரிந்துபோன செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை, உறங்கப் போகுமுன் அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நம் ஊரில் 1961ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் தேதி ஹஜ்ஜுப் பெருநாள். அன்றைக்குத்தான் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் தீப்பிடித்து, ஏறக்குறைய 16,000 பேர் வீடிழந்து நின்றார்கள். 4 பேர் மாண்டார்கள். அத்தாப்புக் கூரைகளில் தாவிய நெருப்பு, இது எந்த ஜாதியார் வீடு என்று கேட்டுக்கொண்டு போகவில்லை. அந்தக் கம்பத்துக் காலத்தில் தீக்குப் பயந்து ஆண்கள் முறைவைத்து இரவுக் காவல் இருந்த இடங்கள் உண்டு. அதற்குச் சம்பளம் கிடையாது.

இன்று அத்தாப்பு போய்விட்டது. நெருப்பு போகவில்லை. நடைபாதையில் பழைய அலமாரி, மெத்தை, செருப்புப் பெட்டி, பெருநாளைக்கு வாங்கிய சாமான்களின் அட்டைப் பெட்டி ஆகியவற்றை அடுக்கிவைக்கிறோம். மின்சாரச் சைக்கிளின் பேட்டரியை இரவு முழுதும் கம்பியில் மாட்டிவிட்டுத் தூங்குகிறோம். நடைபாதையில் ஆள் தப்பிப்போக 1.2 மீட்டர் வழி விடவேண்டுமென்பது விதி. விதியிருக்கட்டும், தூக்குப் படுக்கையில் ஒரு முதியவரைக் கொண்டுபோக இடம் வேண்டாமா? பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் எழுபதுக்கு மேற்பட்ட கிளைகளில் ஒன்று என்பதை மதரஸாவில் ஓதிய ஒவ்வொரு பிள்ளையும் அறியும். கிளைகளுள் கடைசிக் கிளை அது. கடைசிக் கிளைதானே என்று விட்டுவிடுகிறவர்கள், தொல்லையை நாமே கொண்டுவந்து பாதையில் போட்டால் அது எந்தக் கிளையில் சேரும் என்று யோசித்துப் பார்க்கட்டும். கடை வைத்திருக்கும் சகோதரர்கள் ஐந்தடிப் பாதையில் அடுக்கும் வெங்காய மூட்டைக்கும் இதே கணக்குத்தான். எனக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

"நகர மன்றத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறோமே, அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்று சொல்லுகிறவர்கள் நம்மில் அநேகர். பணம் கட்டினால் துடைப்பம் வரும். மூன்றாம் மாடியில் தனியே இருக்கும் கிழவி இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்பதைத் துடைப்பம் அறியாது. அடுத்த வீட்டார்தான் அறிவார்கள். அதற்கு ரசீது போட்டு எவரும் பணம் வாங்குவதில்லை. பல புளோக்குகளில் லிப்டுக்குப் பக்கத்துச் சுவரில், நெஞ்சு நின்றுபோனவருக்கு மின்அதிர்ச்சி கொடுத்து உயிர்ப்பிக்கும் கருவி மாட்டியிருக்கிறது. அதைத் தினமும் கடந்து போகிறோம். திறந்து பயன்படுத்தத் தெரிந்தவர் ஒரு ஜமாஅத்தில் இருபது பேர் இருந்தால் எவ்வளவு பெரிய காரியம்! ஓர் உயிரைக் காத்தவர் மனித குலம் அனைத்தையும் காத்தவர் போலாவார் என்பது திருமறை நமக்குத் தரும் கருத்து. அந்த உயிர் எந்த மதத்தது என்ற நிபந்தனை அங்கே இல்லை.

இவ்விடத்தில்தான் சிலருக்கு மனம் தயங்குகிறது. மஸ்ஜிதுக்கென்று கேட்டால் அள்ளிக் கொடுக்கிறார்கள். மதரஸாவுக்கென்றால் மூட்டை அரிசி வருகிறது. அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஆனால் புளோக்கைச் சுற்றி இரவில் நடந்து பார்க்க வாருங்கள், தோட்டத்தில் மண் கொத்த வாருங்கள் என்றால், "அது அவர்களும் இவர்களும் கலந்து செய்கிற காரியம், அதில் தீனுக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். இதற்கு நாயகம் (ஸல்) அவர்களுடைய வாழ்விலேயே பதில் இருக்கிறது.

நபிப்பட்டம் கிடைக்கு முன், அன்னாருக்கு ஏறக்குறைய இருபது வயதிருக்கும்போது, யமன் நாட்டு ஸபீதிலிருந்து ஒரு வியாபாரி சரக்குடன் மக்காவுக்கு வந்தார். ஆஸ் இப்னு வாயில் என்ற குறைஷித் தலைவர் சரக்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுக்க மறுத்தார். வெளியூர்க்காரர், கேட்க நாதியில்லை. அவர் மலைமீதேறி நின்று முறையிட்டார். அப்போது குறைஷிகளில் சில குலத்தார் அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் கூடி, மக்காவில் அநீதிக்குள்ளானவர் எவராயிருந்தாலும், ஊரார் ஆனாலும் வெளியூரார் ஆனாலும், அவர் பக்கம் நின்று அவருடைய ஹக்கை வாங்கிக் கொடுப்போமென்று உடன்படிக்கை செய்தார்கள். ஹில்ஃபுல் ஃபுளூல் என்பது அதன் பெயர். வியாபாரியின் பாக்கி வசூலாயிற்று. இளைஞராயிருந்த நம் நாயகம் அவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். கூடியிருந்தவர்கள் சிலைகளை வணங்கியவர்கள்தாம். பிற்காலத்தில், இஸ்லாம் வந்த பிறகு, அந்த உடன்படிக்கையை நினைவுகூர்ந்து, இன்றும் அப்படியொன்றுக்கு என்னை அழைத்தால் இணங்குவேன் என்ற கருத்தில் அன்னார் சொல்லியிருக்கிறார்கள். ஊர்ப் பாதுகாப்புக்காக மாற்று மதத்தாரோடு ஒரே பாயில் உட்காரலாமா என்று கேட்பவருக்கு இதைவிட என்ன சொல்லவேண்டும்? நாமெல்லாம் வெளியூரிலிருந்து சரக்கோடு வந்த வியாபாரிகளின் பிள்ளைகள். அந்த ஸபீதுக்காரருடைய வயிற்றெரிச்சல் நமக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்!

மதீனாவில் ஒருநாள் இரவு பெரும் சப்தம் கேட்டு ஜனங்கள் நடுங்கியபோது, அபூதல்ஹா (ரலி) அவர்களுடைய சேணமில்லாத குதிரையில் ஏறிச் சப்தம் வந்த திசைக்கு முதலில் போய்ப் பார்த்துத் திரும்பியவர்களும் நாயகம் (ஸல்) அவர்களே. மற்றவர்கள் புறப்பட்டபோது அன்னார் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள்; பயமில்லை என்று தைரியம் சொன்னார்கள். அந்த நகரில் யூதர்களும் குடியிருந்தார்கள். அவர்களும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தாயிற்றா என்றுதான் கேட்டார்கள். ஒருமுறைக்கு இருமுறை கேட்டார்கள்.

நம் மூத்தவர்கள் 1964ஆம் ஆண்டைப் பார்த்தவர்கள். ஜூலை 21, மீலாது ஊர்வலம் போன நாள். அன்று மூண்ட கலவரத்திலும் செப்டம்பரில் மறுபடி மூண்டதிலுமாக 36 உயிர்கள் போயின. பெருமானார் பிறந்ததைக் கொண்டாடும் நாளில் இப்படி நடந்ததே என்று இன்றும் மனம் கனக்கிறது. அக்காலத்தில் பல கம்பங்களில் சீனரை மலாய்க்காரரும் மலாய்க்காரரைச் சீனரும் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். தொகுதிதோறும் நல்லெண்ணக் குழுக்கள் ஏற்பட்டன. அப்படிக் காப்பாற்றியவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக முகம் பார்த்துக்கொண்டவர்களல்லர். அதற்குமுன் எத்தனையோ வருஷம் ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டவர்கள், ஒருவர் பிள்ளையை ஒருவர் தூக்கி வளர்த்தவர்கள். கலவரம் வந்த பிறகு பழக்கம் தேடினால் கிடைக்காது.

இனி மரம் செடிக்கு வருவோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும், மனிதன் தின்றாலும், மிருகம் தின்றாலும் நட்டவருக்கு ஸதகாவாகும் என்பது ஹதீஸின் கருத்து. இதைவிட லாபமான வியாபாரம் எந்தச் சந்தையிலும் இல்லை. நாம் தூங்கும்போதும் வரவு எழுதப்படுகிறது. மைனா வந்து கொத்தினாலும் வரவுதான்! கையில் கன்று இருக்கும்போது கியாமத்து வந்துவிட்டாலும், நட முடிந்தால் நட்டுவிடச் சொல்லியிருக்கிறார்கள். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்களை அடிமைத்தளையிலிருந்து மீட்க 300 ஈச்சங்கன்றுகள் வேண்டியிருந்தன. ஸஹாபாக்கள் முப்பது, இருபது, பத்து என்று தங்களால் முடிந்த அளவுக்குக் கன்று கொண்டுவந்தார்கள், குழி தோண்டக் கூடினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் நட்டார்கள். அத்தனை மரமும் ஒரு யூதருடைய தோட்டத்தில் நின்றது என்பதை மறந்துவிட வேண்டாம்.

சிங்கப்பூரில் மரம் நடும் இயக்கம் 1963ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி, பிரதமர் லீ குவான் இயூ ஃபேரர் சர்க்கஸில் ஒரு மரக்கன்று நட்டதோடு தொடங்கியது. 1971 முதல் நவம்பர் மாதந்தோறும் மரம் நடும் நாள் வருகிறது. 2005இல் தேசியப் பூங்காக் கழகம் சமூகத் தோட்டங்களுக்கு வழிசெய்தது. இன்று அநேக புளோக்குகளின் அடியில் வேலி கட்டிய சிறு தோட்டம் இருக்கிறது. தெலுக் ஆயர் தெருவுக்குப் போயிருக்கிறவர்கள் கண்டிருப்பார்கள்: நம் நாகூர் தர்காவுக்கும் சீனரின் தியான் ஹொக் கெங் கோயிலுக்கும் நடுவே ஒரு சின்னஞ்சிறு பசுந்திடல். வெயில் நேரத்தில் யார் வேண்டுமானாலும் அங்கே இளைப்பாறலாம். அதே தெருவில் சற்றுத் தள்ளி நம் குச்சுப் பள்ளியும் நிற்கிறது. ஜனங்கள் ஒதுங்கும் நிழலை அசுத்தம் செய்கிறவரைச் சாபம் தொடரும் என்ற எச்சரிக்கை ஹதீஸில் இருப்பதை எண்ணிப் பார்த்தால், நிழலை உண்டாக்கிக் காப்பவருக்கு என்ன கிடைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் பசுமையிலும் ஆபத்து உண்டு. ஏடிஸ் கொசு சாக்கடையில் பிறப்பதில்லை. நல்ல தண்ணீரில் பிறக்கிறது. ஒரு காசளவு தண்ணீர் தேங்கினால் போதும், முட்டை ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். 2020ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 35,000 பேருக்கு மேல் டெங்கிக் காய்ச்சல் கண்டது. பூந்தொட்டியின் அடித்தட்டைக் கவிழ்ப்பது, இறுகிய மண்ணைக் கிளறிவிடுவது, ஜாடித் தண்ணீரை மாற்றுவது இவ்வளவுதான் வேலை. செடி வைத்து ஸதகா எழுதிக்கொண்டு, அடித்தட்டுத் தண்ணீரால் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காய்ச்சலில் தள்ளினால், பேரேட்டில் வரவு எது, பற்று எது? தம் தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமின்றி இருக்க முடியாதவர் முஃமினாக மாட்டாரென்று மூன்று தடவை ஆணையிட்டுச் சொன்ன கடுமையை இங்கே நினைக்கவேண்டும்.

தோட்டத்துக்குப் போகும் சகோதரர்கள் இரண்டு சங்கடங்களைச் சொல்லுகிறார்கள். ஒன்று நாய். சீன நண்பர் நாயைக் கூட்டிவருகிறார், நாமோ ஷாஃபியீ மத்ஹபினர். தயவாகச் சொன்னால் அவர் நாயை வேலிக்கு வெளியே கட்டிவிடுவார். சொல்லாமல் முகம் சுளித்து வீட்டுக்கு ஓடினால் அவருக்குக் காரணமே தெரியாது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் வார்த்தவருடைய பாவம் மன்னிக்கப்பட்ட சரித்திரமும் நம்முடையதே. மற்றொன்று சாப்பாடு. வேலை முடிந்து எல்லாரும் கூடிச் சாப்பிடும்போது ஹலாலா என்று கேட்கக் கூச்சமாயிருக்கிறதாம். ரொட்டியும் டீயும் நாம் கொண்டுபோனால் கேள்வியே இல்லை!

பெண்மக்களுக்கு இந்த வேலை மிகவும் பொருந்தும். கறிவேப்பிலை, ரம்பை, எலுமிச்சம்புல், கங்கோங் எல்லாம் அவர்கள் கைபட்டால் தழைக்கும். இளைஞர்கள் இரவு நடைக்குப் போகட்டும். புளோக்கின் கீழே உட்கார்ந்து பேசுவதைப் பெரியவர்கள் கண்டிப்பதைவிட, பாதையோரம் உட்காருகிறவன் பாதைக்குக் கொடுக்கவேண்டிய ஹக்கு என்னவென்று சொல்லிக் கொடுத்து, கையில் ஒரு விளக்கும் கொடுத்து அனுப்புவது நல்லது. உமர் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்து மதீனாவில் இரவு நடந்ததை அவர்களுக்குச் சொல்லுங்கள். திருடனைப் பிடிப்பது அவர்கள் வேலையல்ல. அது போலீஸ் வேலை. எரியாத விளக்கு, உடைந்த படி, திறந்து கிடக்கும் கதவு, வழி தெரியாமல் நிற்கும் முதியவர், இவற்றைக் கண்டு சொல்லுவதே போதும்.

தோட்டத்தில் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றுவது பற்றி ஒரு வார்த்தை. ரமளானில் நோன்பு வைத்துக்கொண்டு பட்டப்பகல் வெயிலில் நிற்பது நம்மவருக்குச் சிரமம். அந்த முப்பது நாள் பகல் முறையைச் சீன, ஹிந்து நண்பர்களிடம் கேட்டு மாற்றிக்கொண்டு, அதற்கு ஈடாகச் சீனப் புத்தாண்டு நாட்களிலும் தீபாவளியிலும் அவர்கள் முறையை நாம் எடுத்துக்கொள்ளலாம். தேதிகளை ஷஃபான் மாதத்திலேயே பேசித் தாளில் எழுதித் தோட்டக் கதவில் ஒட்டிவிடுங்கள். அஸருக்குப் பின் பறிக்கும் ரம்பை இலையில் கொஞ்சம் நோன்புக் கஞ்சிக்கு வரட்டும். கஞ்சியில் ஒரு தூக்கு, தண்ணீர் ஊற்றினவர் வீட்டுக்குப் போகட்டும்.