பிடித்தவர் யார்?

1971 ஆகஸ்ட். லண்டன் ஓவல் மைதானம். இங்கிலாந்து மண்ணில் இந்தியா முதல்முறையாக ஒரு டெஸ்ட் போட்டியை ஜெயித்தது. இரண்டாவது இன்னிங்ஸில் இங்கிலாந்து 101 ரன்னுக்குச் சுருண்டது. சந்திரசேகர் 38 ரன் கொடுத்து 6 விக்கெட். இதெல்லாம் கிரிக்கெட் பிரியர்களுக்கு மனப்பாடம்.

அதே இன்னிங்ஸில் இன்னொரு வரியைப் பாருங்கள். ஆலன் நாட், கேட்ச் சோல்கர், பவுலிங் வெங்கட்ராகவன். முதல் இன்னிங்ஸில் 90 ரன் அடித்த மனிதர் நாட். நம்ம சென்னை வெங்கட் போட்ட பந்து மட்டையில் பட்டு எழும்ப, பேட்ஸ்மேனின் காலடியில் நின்ற ஏக்நாத் சோல்கர் முன்னால் பாய்ந்து, தரையைத் தொடுவதற்குள் அள்ளிவிட்டார்.

கேள்வி இதுதான். அது யார் விக்கெட்?

இருவருக்கும்தான் என்பீர்கள். சரி, சோல்கர் கோட்டை விட்டிருந்தால்? வெங்கட் அதே பந்தைத்தான் போட்டிருப்பார். அதே திறமை, அதே சுழல். ஆனால், ஸ்கோர் கார்டில் ஒன்றுமே இருக்காது. நழுவிய கேட்ச்சுக்கு அங்கே இடமில்லை. அமெரிக்கக் கால்பந்தில் கதை இன்னும் மோசம். குவார்ட்டர்பேக் அளந்து வீசிய பந்து, பிடிக்கவேண்டியவர் கையில் பட்டுத் தெறித்து எதிரணியிடம் போனால்கூட, கணக்கு வீசியவர் பெயரில்தான் ஏறும்!

பி.காம். படித்தவர்களுக்கு இது உறுத்தும். எந்தப் பற்றுக்கும் எதிரே ஒரு வரவு வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். மனிதர்களை எடைபோடும்போது மட்டும் ஒரு பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுகிறோம்.

நெய்வேலி சுரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரமாண்ட சக்கரம் சுழன்று மண்ணை வெட்டும் காட்சியைத்தான் எல்லோரும் வாய்பிளந்து பார்ப்பார்கள். வெட்டியதை வாங்கிக்கொள்ளும் கன்வேயர் பெல்ட் நின்றால், சக்கரமும் நிற்கவேண்டியதுதான். நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு முட்டிக்கொண்டிருக்கும் நிலத்தடி நீரை ராப்பகலாக பம்ப் போட்டு இறைக்காவிட்டால், சுரங்கமே முழுகிவிடும். பம்ப்பை யார் போட்டோ எடுக்கிறார்கள்?

'அப்படியானால் தோற்றவனெல்லாம், நான் நல்லாத்தான் போட்டேன், அவன்தான் விட்டுட்டான் என்று கிளம்பிவிடுவானே?' என்கிறீர்களா? நியாயமான பயம்தான். ஆபீஸில் தினமும் கேட்கிற பல்லவி ஆயிற்றே அது.

இங்கேதான் சோல்கர் இன்னொரு பாடம் சொல்கிறார். அது ஹெல்மெட் இல்லாத காலம். அவர் நின்ற இடமோ பேட்ஸ்மேனுக்குக் கைக்கெட்டும் தூரம். பவுலர் கொஞ்சம் ஷார்ட்டாகப் போட்டால், அடி விழுவது இவர் மேல். பேடி, சந்திரா, பிரசன்னா, வெங்கட் அப்படிப் போடமாட்டார்கள் என்கிற நம்பிக்கையில்தான் உயிரைப் பணயம் வைத்து நின்றார். அதாவது, பிடிப்பவர் எவ்வளவு கிட்டே வந்து நிற்பார் என்பது வீசுபவரின் ஒழுங்கைப் பொறுத்தது. உங்கள் பக்கத்தில் யாருமே நிற்க மறுக்கிறார்களா? ஒருதரம் உங்கள் பந்தையும் பாருங்கள்.

ஆகவே இரண்டு தராசு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. அடுத்தவர் தோற்றால், 'பிடிக்க ஆள் இருந்ததா?' என்று கேளுங்கள். நீங்கள் தோற்றால், 'பந்து ஒழுங்காகப் போனதா?' என்று கேளுங்கள். நாம் செய்வது நேர்தலைகீழ். பரீட்சையில் தவறிய பக்கத்து வீட்டுப் பையன் 'மக்கு'. நம் பையன் தவறினால் 'வாத்தியார் சரியில்லை.'

நெய்வேலியிலிருந்து பஸ் பிடித்தால் வந்துவிடுகிற திருவதிகையில் ஒரு பழைய கதை உண்டு. திரிபுரத்தை அழிக்கச் சிவன் புறப்பட்டபோது பூமி தேரானது, பிரம்மா சாரதியானார், திருமால் அம்பானார். 'நாம் இல்லாமல் இவரால் முடியுமா?' என்று தேவர்களுக்குக் கர்வம். சிவன் அம்பே விடவில்லை. சிரித்தார். மூன்று கோட்டையும் சாம்பல்.

கடவுளுக்குச் சரி. சிரித்தே ஜெயிக்கிற வித்தை நமக்குத் தெரியாதே! நமக்குத் தேரும் வேண்டும், சாரதியும் வேண்டும், வடம் பிடிக்க ஊரும் வேண்டும்.

அடுத்த முறை உங்களுக்கு மாலை விழும்போது, உங்கள் காலடியில் ஹெல்மெட் இல்லாமல் நின்றது யார் என்று குனிந்து பாருங்கள். பெரும்பாலும் வீட்டில்தான் இருப்பார்.