பெயர் கேட்கும் முன்பு

சென்னை மாநகரம். மாலை நேரம். பேருந்தில் எள் விழ இடமில்லை. பின்வாயிலருகே நெருக்குண்டு நிற்கும் உழைப்பாளி ஒருவர் காசை நீட்டுகிறார். முன்னே நிற்பவர் வாங்குகிறார், அடுத்தவரிடம் தருகிறார், நான்கு கை மாறி நடத்துனரைச் சேருகிறது. சீட்டும் சில்லறையும் அதே நான்கு கை வழியே திரும்பி வருகின்றன. ஒரு காசு குறையவில்லை! நன்றி கேட்பாருமில்லை, சொல்வாருமில்லை.

நாம் விருத்தாசலத்துக்காரர். பீங்கான் சூளை நகரிலிருந்து இரயிலேறிப் பெருநகர் போகும்போதெல்லாம் இத்தகைய சிறு காட்சிகளைக் காண்பதில் நமக்கோர் ஆர்வம். கைக்குழந்தையுடன் தத்தளிக்கும் தாயிடமிருந்து முன்பின் அறியாத மூதாட்டி குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறார். சாலையைக் கடக்கத் தயங்கும் பார்வையற்றவரின் கரத்தை யாரோ ஓர் இளைஞன் பற்றுகிறான். கடத்திவிட்டுக் கூட்டத்தில் கரைகிறான். தேநீர்க் கடைப் பலகையில் மூவர் அமர்ந்த இடத்தில் நான்காமவர்க்கும் இடம் பிறக்கிறது.

கண்டோம், களித்தோம். ஆனால் களிப்போடு நின்றுவிடுவது பகுத்தறிவாகாதே! ஒரு கேள்வி எழுந்தது: இது அன்பா, அல்லது அறியாமையா? அந்த நான்கு கைகளில் எந்தக் கை எந்தச் சாதி என்று எவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால்? காசு கை மாறியிருக்குமா?

மாநகரம் பிறவியிலேயே மாண்புடையது என்று எண்ணிவிட வேண்டாம். தென்னாட்டு இரயில் நிலைய உணவு விடுதிகளில் பார்ப்பனருக்குத் தனியிடம், மற்றவருக்கு வேறிடம் என்றிருந்த முறை, கிளர்ச்சிக்குப் பிறகே 1941-இல் ஒழிந்தது. 1957-இல், இதே சென்னையின் திருவல்லிக்கேணியில், உணவு விடுதியொன்றின் பெயர்ப்பலகையிலிருந்த ‘பிராமணாள்’ எனும் சொல்லை அகற்றப் பெரியார் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. இன்று யாருக்குப் பக்கத்தில் யார் என்று கேளாமல் அமர்கிறோமே, அந்த இடம் தானாகக் கிடைத்ததன்று, போராடிப் பெற்றது.

தீண்டாமையை 1950-இல் அரசியல் சட்டம் ஒழித்தது. 1955-இல் தண்டனைச் சட்டமும் வந்தது. எனினும் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முற்றும் மறைந்தபாடில்லை. நகரத்தில் பெயர் தெரியாதவனுக்கு இடம் தந்தவனே, ஊர் திரும்பியதும் பெயர் தெரிந்தவனைத் தள்ளி நிறுத்துகிறான்! ஆள் அவனேதான், கையும் அதேதான். இடையில் புகுந்தது என்ன? எந்தத் தெரு, யார் மகன் என்ற இரண்டு விவரங்கள். அவ்வளவே!

பிறரை மட்டும் குற்றம் சாட்டிவிட்டு நாம் தப்பிவிட முடியாது. அன்று அந்த உழைப்பாளியைக் கண்டபோது நம் கண் முதலில் தேடியது எதை? அவர் முகத்துக் களைப்பையா? இல்லை. உடையைப் பார்த்தது, நெற்றியைப் பார்த்தது, ‘இவர் யாராக இருப்பார்?’ என்று துருவிற்று. வெட்கினோம். மனிதரைப் பார்ப்பது வேறு, எடை போடுவது வேறு என்பதை அந்த வெட்கம் கற்பித்தது.

நம் ஊர்ச் சூளைகளில் களிமண் 1,000 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்து, பொம்மையாகிறது. மின் இணைப்புக்கான ஃபியூஸ் கேரியராகவும் ஆகிறது. பீங்கானூடே மின்சாரம் பாயாது. உயிரைக் காக்க மனிதன் அமைத்த தடை அது. சாதியும் மனிதன் அமைத்த தடைதான். ஆனால் அது தடுப்பது எதை? ஆபத்தையா? இல்லை, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாய வேண்டிய பரிவை!

தோழர்களே! பெயர் தெரியாதவரிடம் காட்டும் நேயம் எளிது. அதை இகழ வேண்டாம். மனிதனால் அது முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் பெயர் தெரிந்த பின்னும், தெரு தெரிந்த பின்னும் அந்தக் கை நீளுமா? அங்கேதான் தேர்வு. மாநகரில் அல்ல, நம் ஊர்த் தேநீர்க் கடையில் அத்தேர்வை எழுதுவோம். நான்காமவர் வரும்போது இடம்விட்டு நகர்ந்து அமர்வோம். அவர் யாரென்று நன்றாகத் தெரிந்தே!