மின்புலம் அறியாத வேற்றுமை

சீடன்: குருவே, ஹைட்ரஜனுக்கும் அதன் கனமான ஐசோடோப்பான டியூட்டீரியத்துக்கும் மின்னூட்டம் ஒன்றே. மின்புலம் எடையைப் பார்ப்பதில்லை. பிறகு எதிர்மின்வாயில் இரண்டும் ஏன் வேறுபடுகின்றன?

குரு: வேறுபடுவதை எதனால் அறிந்தாய்?

சீடன்: மின்னாற்பகுப்பால். வேதியியலாளர் யூரே டியூட்டீரியத்தைக் கண்டறிந்தது 1931இல். மறு ஆண்டே வாஷ்பர்னும் அவரும் மின்னாற்பகுப்புத் தொட்டிகளில் எஞ்சிய நீரில் அது செறிந்திருப்பதைக் காட்டினார்கள். நார்வேயின் வேமோர்க்கில் டியூட்டீரியம் செறிந்த கனநீர் எடுத்ததும் இவ்வழியில்தான். இலேசானது வாயுவாகி முந்திப் போகிறது. பல உலோகங்களில் இந்தப் பிரிப்பு 5 மடங்கைத் தாண்டுகிறது. பாதரசத்தில் 3 மடங்கை ஒட்டியே நிற்கிறது.

குரு: உலோகம் மாறினால் வேற்றுமையின் அளவும் மாறுகிறது. அப்படியானால் அது அணுவுக்குள் மட்டும் இருக்க முடியுமா?

சீடன்: அதுதான் பிடிபடவில்லை.

குரு: எந்தப் பிணைப்பும் கடுங்குளிரிலும் அசைவற்று நிற்பதில்லை, அடங்காத ஓர் அதிர்வு எஞ்சும். எடை குறைந்தால் அதன் ஆற்றல் கூடும். அதனால் நீரில் ஹைட்ரஜன் சற்று உயரத்திலேயே இருக்கிறது. பிணைப்பை விட்டு வெளியேற, ஆற்றல் தடையைத் தாண்ட அது ஏற வேண்டியது குறைவு. இலேசானது தடையை ஊடுருவியும் செல்லும். செப்புப் பரப்பில் தனி ஹைட்ரஜன் அணு அப்படி ஊடுருவியதை லாஹனும் ஹோவும் 2000இல் கண்டார்கள்.

சீடன்: அப்படியானால் இலேசானது எப்போதும் முந்துமா?

குரு: பல்லேடியம் என்னும் உலோகத்துக்குள் பார். அறை வெப்பத்தில் அங்கே டியூட்டீரியமே விரைந்து பரவுகிறது. அணு தங்கும் இடம் அங்கே விசாலம். கடக்கும் வாசல் குறுகல். குறுகலில் அதிர்வு இறுகும். அந்த இறுக்கத்துக்கு இலேசானது கூடுதல் ஆற்றல் கொடுக்க வேண்டும். நீரில் உதவிய அதிர்வே இங்கே தடையாகிறது.

சீடன்: ஒரே குணம் ஓரிடத்தில் துணை, வேறிடத்தில் சுமை.

குரு: ஆகவே வேகத்தை ஹைட்ரஜனின் இயல்பு என்று சொல்லாதே. எடை அதன் சொந்தம். வேகமோ, அது தங்கும் இடமும் கடக்கும் வழியும் சேர்ந்து தருவது.

சீடன்: இதில் புலத்தின் பங்கு?

குரு: மின்வாயை ஒட்டிய சில ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் மீட்டருக்கு 100 கோடி வோல்ட் அளவிலான புலம் எழுகிறது. அது இரண்டையும் ஒன்றாகவே இழுக்கிறது. ஆனால் தடையின் உயரத்தையும் வடிவத்தையும் மாற்றிவிடுகிறது. தடை மாறினால் இரண்டுக்குமான இடைவெளியும் மாறும். பேதம் பாராத விசையும் பாதையை மாற்றுவதன் வழியே பேதத்தைக் கூட்டும், குறைக்கும்.

சீடன்: எனவே பிரிப்பின் அளவைச் சொல்லும்போது உலோகத்தையும் மின்னழுத்தத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

குரு: வெப்பநிலையையும் சொல். இவற்றை விட்டுத் தனியே நிற்கும் எண், அணுவைப் பற்றிய உண்மை ஆகாது.