வாசலில் நின்றவர்கள்



இங்கிலாந்து தேசத்தில் 1963-ல் வெளியான பீச்சிங் அறிக்கை, நஷ்டக் கணக்கைக் காட்டி 2,363 ரயில் நிலையங்களை மூடச் சொல்லிற்று. எல்லாம் மூடப்படவில்லை, மூடியவற்றிலும் பல இடிபட்டன. தப்பிய சிலவற்றை ஜனங்கள் விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். டிக்கெட் கொடுத்த அறை அடுக்களையாயிற்று. பிளாட்பாரத்தில் பூச்செடி, தண்டவாளம் கிடந்த பள்ளத்தில் புல்தரை.

நிலையமாயிருந்தபோது அந்த வாசல் யாரையும், “நீ யார் மகன்?” என்று கேட்டதில்லை. வீடானபின் கேட்கும். அதில் குற்றமில்லை, இரவில் நானும் தாழ்ப்பாள் போடுகிறவன்தான். ஆனால் பெத்லேமில் இடமின்றி நின்ற தேவமாதாவுக்கும் அர்ச். சூசையப்பருக்கும் வருஷந்தோறும் குடில் கட்டுகிறோமே, பாகப்பிரிவினைச் சண்டைக்குப்பின் உங்கள் படியேறாத தம்பியை இந்த வாரம் யார் போய் அழைப்பது?