பாவு நடுவில் இருக்கும்போது

கணினியை மாற்றலாமா, கொஞ்சம் பொறுக்கலாமா என்ற யோசனை எனக்குப் பகலில் வருவதில்லை. பகலில் அது வேலைப் பெட்டி. புடவைக் கரைக்கும் முந்திக்கும் கட்டம் கட்டமாக டிசைன் போட்டு, அட்டை அடிக்கிறவருக்கு அனுப்புகிறேன். அதற்கு இருக்கிற கணினியே தாராளம். சாப்பாடு முடிந்து, தெருவில் தறிச்சத்தம் ஓய்ந்து, விளையாட உட்காரும்போதுதான் அந்த யோசனை தலைகாட்டுகிறது. ஆகவே உள்ளபடி எழுதிவிடுகிறேன்: ஆசை விளையாட்டுக்கானது. தொழிலைச் சாக்காகச் சொல்ல மாட்டேன்.

விளையாட்டை வீண் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு மாங்காய்ப் பூவின் நுனியை ஒரு கட்டம் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே நாள் போன பிறகு, இரவில் யாரும் இல்லாத மலைச்சரிவில் குதிரையை விட்டுக்கொண்டு போவது நல்ல இளைப்பாறல். அதற்குச் செலவழிப்பதில் தப்பு ஒன்றும் கிடையாது. எப்போது, எதற்கு, எவ்வளவு என்பதில்தான் நிதானம் வேண்டும்.

*

என்னிடம் இருப்பது ரைசன் 5 3600, ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 16 ஜிபி டிடிஆர்4 ரேம், பி450 போர்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ். சிபியுவும் கார்டும் 2019-ல் வந்தவை. கார்டு வெறும் 75 வாட். தனி ஒயர்கூடக் கேட்காமல் போர்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். அதில் உள்ள நினைவகம் 4 ஜிபி.

இதில் வலோரன்ட் ஓடுகிறது. ஜிடிஏ 5 நன்றாகவே ஓடுகிறது. கொஞ்சம் கனமானவற்றை, தரத்தைக் குறைத்து வைத்தால் ஓட்டிவிடலாம். ஆனால் 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ், 2025 மே மாதம் வந்த டூம் போன்றவை ரே டிரேசிங் செய்யும் கார்டு இல்லாமல் திறக்கவே திறக்காது. மெதுவாக ஓடுவதற்கு வழி உண்டு. திறக்கவே மறுப்பதற்கு என்ன வழி?

"இருக்கறது ஓடுதா இல்லையா, அத மொதல்ல சொல்லு" என்றார் அப்பா.

ஓடுவதும் இருக்கிறது, ஓடாததும் இருக்கிறது என்றேன்.

"ஓடாதது எதால ஓடல?"

"கார்டுப்பா."

"அப்ப மொத்தத்தையும் ஏன்டா பிரிக்கற?"

அவருக்கு கார்டு என்றால் என்னவென்று தெரியாது. கேள்வி சரியானது.

*

அப்பாவின் தறிமேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டி 240 கொக்கி. அட்டைகள் நூலால் கோக்கப்பட்டுச் சரம்சரமாகத் தொங்கும். மிதியை ஒரு முறை அழுத்தினால் ஒரு அட்டை முன்னால் வந்து நிற்கும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி நூலைத் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் நூல் அப்படியே கிடக்கும். நாடா குறுக்கே ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. பெட்டியின் சட்டம் இவ்வளவுதான்: ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை.

பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார் இதை 1804-ல் உருவாக்கினார். அந்த அட்டைகளைத்தான் முப்பது ஆண்டுகள் கழித்து சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். ஜக்காரின் உருவத்தைப் பட்டிலேயே நெய்த படம் ஒன்று அவரிடம் இருந்தது. 1839-ல் லியோனில் நெய்தது. ஏறக்குறைய 24,000 அட்டைகள் பிடித்த வேலை. அச்சுப்படமோ என்று பார்ப்பவர் மயங்கும் அளவுக்கு நுணுக்கம். நான் இரவில் உட்காரும் பெட்டியின் வம்சம் எங்கள் வீட்டு உத்தரத்துக்குக் கீழேயே தொங்குகிறது என்பதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

இப்போது அட்டையே இல்லாத எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வந்துவிட்டது. டிசைனை பென் டிரைவில் போட்டுச் சொருகினால் போதும். இந்தப் பக்கத்தில் சிலர் மாற்றிவிட்டார்கள். அப்பா இன்னும் மாற்றவில்லை. பயமோ பிடிவாதமோ அல்ல. புது டிசைன் என்றால் புது அட்டைக்கட்டு அடிக்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு. மாதத்துக்கு ஒரு டிசைன் மாற்றுகிறவருக்கு அந்தச் செலவு மிச்சமாகும். பெட்டியின் விலை சீக்கிரம் திரும்பிவிடும். அப்பா ஒரே கரையை நெடுநாள் ஓட்டுகிறவர். அவருக்கு மிச்சம் குறைவு.

இதை அவர் என்னிடம் விளக்கியது எலெக்ட்ரானிக் பெட்டியைப் பற்றி. எனக்கு உறைத்தது என் விளையாட்டுப் பட்டியல். வருஷக்கணக்காக ஒரே இரண்டு விளையாட்டை ஆடுகிறவனுக்குப் புதுக் கணினி தருவது கொஞ்சம்தான். புதிது புதிதாகத் திறந்து பார்க்கிறவனுக்குத்தான் அது தேவை. நான் எந்த வகை? மெல்ல மெல்ல இரண்டாவது வகையாகி வருகிறேன்.

*

தறியில் பாவு, அதாவது நீளவாக்கு நூல், ஏறியிருக்கும்போது யாரும் தறியைப் பிரிக்க மாட்டார்கள். பாவு முடிந்து கடைசிப் புடவையை அறுத்த பிறகுதான் எந்த மாற்றமும். அப்போதும் அச்சிலும் விழுதிலும் கோத்த பழைய நூல்முனைகளை விட்டுவைத்து, புதுப் பாவின் நூலை ஒவ்வொன்றாக அவற்றோடு பிணைப்பார்கள். எல்லாவற்றையும் உருவி மறுபடி கோப்பது அவ்வளவு பெரிய பாடு.

என் போர்டின் ஏஎம்4 சாக்கெட்டும் இன்னும் முடியாத பாவுதான். 2017-ல் முதல் ரைசன் உட்கார்ந்த அதே சாக்கெட்டில் 2022-ல் வந்த 5600-உம் 5800எக்ஸ்3டி-யும் உட்காரும். பயாஸைப் புதுப்பித்தால் போதும். ரேமைத் தொட வேண்டாம், போர்டைத் தொட வேண்டாம். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குத் தாவினால் போர்டு, சிபியு, டிடிஆர்5 ரேம் மூன்றும் ஒரே மூச்சில் புதிதாக வேண்டும்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றபோது, பழைய கணினியைத் தூக்கிப் போட வேண்டும் என்று பலர் பதறினார்கள். ரைசன் 3600, விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலில் இருக்கிறது. பயாஸுக்குள் போய் டிபிஎம் வசதியைத் திறந்துவிட்டால் வேலை முடிந்தது. செலவு ஒன்றுமில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்று வரும் கட்டாயங்களில் பாதி இப்படித்தான் கரைகின்றன.

*

பொறுப்பது என்றால் எதற்காகப் பொறுப்பது என்று பெயர் சொல்லத் தெரிய வேண்டும். பெயர் சொல்ல முடியாத பொறுமை வெறும் ஏக்கம். இரவெல்லாம் ஒப்பீட்டு வீடியோ பார்த்துக்கொண்டு, விளையாட வைத்த நேரத்தையும் அதில் கரைப்பது. அந்த நிலையில் கணினி பழசானதால் வரும் நஷ்டத்தைவிட மனசு அலைவதால் வரும் நஷ்டம் பெரிது.

ஜிடிஏ 6-க்காகப் பொறுக்கிறேன் என்பவர்கள் உண்டு. 2026 நவம்பர் 19 என்று அறிவித்திருக்கிறார்கள். ஆனால் அது பிளேஸ்டேஷனுக்கும் எக்ஸ்பாக்ஸுக்கும்தான். ஜிடிஏ 5 அந்த வகைப் பெட்டிகளில் 2013 செப்டம்பரில் வந்தது, கணினிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்து சேர்ந்தது. ரெட் டெட் 2-உம் கணினிக்கு ஓராண்டு பிந்தியே வந்தது. வராத விளையாட்டுக்கு இன்றே கணினி கட்டிவைப்பதில் எனக்கு விருப்பமில்லை.

அடுத்த தலைமுறை கார்டுக்காகப் பொறுப்பதும் அப்படியே. அடுத்தது எப்போதும் உண்டு.

ரேம் விலைக்காகப் பொறுப்பது மட்டும் வேறு வகை. அதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. உலகத்தின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள் கேட்கும் தனிவகை நினைவகத்தில் லாபம் அதிகம். ஒரே அளவு நினைவகத்துக்கு அது சிலிக்கானையும் கூடுதலாகத் தின்கிறது. ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. 2025-ன் கடைசி மாதங்களில் டிடிஆர்5 விலை இரண்டு மடங்கைத் தாண்டிப் போனது. டிசம்பரில் மைக்ரான், நம்மைப் போன்றவர்கள் வாங்கும் குரூஷியல் வியாபாரத்தை மூடிவிடுவதாகவே அறிவித்தது. டிடிஆர்4 தயாரிப்பைக் குறைத்துவந்ததால் அதுவும் ஏறியது. குஜராத்தின் சாணந்தில் மைக்ரான் ஆலை இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே நடப்பது சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலை. சில்லு உருவாகும் ஆலை வேறு, அதைக் கட்டி முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும்.

இந்த மாதிரி ஏற்றம் முன்பும் வந்திருக்கிறது. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து ஹார்டு டிஸ்க் விலை எகிறியது. 2021-ல் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். 2022 செப்டம்பர் 15-ல் எதிரியம் நாணயம் தோண்டும் முறையையே கைவிட்ட பிறகு அந்தக் கூட்டம் கலைந்தது. இரண்டும் இறங்கின. ஆனால் இறங்கும்வரை கையில் கார்டே இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பழையது ஓடுகிறவனால்தான் நிம்மதியாகப் பொறுக்க முடியும். என் ரேம் ஓடுகிறது. ஆகவே ஏஎம்5-க்கு நான் பொறுக்கலாம். அந்த சாக்கெட்டை 2027-ஐத் தாண்டியும் தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதற்குள் அது எங்கும் போய்விடப் போவதில்லை.

கார்டிலும் நினைவகச் சில்லுகள்தாம் இருக்கின்றன. இந்த விலையேற்றம் அங்கே வராமல் இருக்காது. ரேமில் பொறுமை லாபம் என்றால், கார்டில் அதே பொறுமை நஷ்டமாகலாம்.

*

எங்கள் ஊரான சந்தவாசல் வேலூர்–திருவண்ணாமலை சாலையில், கண்ணமங்கலத்துக்கும் போளூருக்கும் நடுவில் இருக்கிறது. படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்க ஆடி மாதம் முழுக்க இந்த வழியாகக் கூட்டம் போகும். எங்கள் வீட்டில் ஆடி, காசு இறுகும் மாதம். முகூர்த்தம் இல்லை, பட்டுக்குக் கேட்பு இல்லை. கடைகளில் ஆடித் தள்ளுபடி போடும் நேரத்தில் நெசவாளி கையில் பணம் இருக்காது. ஆகவே வாங்குவதென்றால் தை, மாசியில், முகூர்த்தப் புடவைக்குக் கூலி வந்த கையோடு வாங்க வேண்டும். தள்ளுபடிக்காகக் கடன் வாங்கக் கூடாது என்பது என் தீர்மானம்.

கடைக்காரர் சொல்லாத செலவு ஒன்றும் உண்டு. சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கத்து வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். ஓடு போட்ட அறையில் 300 வாட் இழுக்கும் பெட்டி இன்னோர் அடுப்பு மாதிரி. தினம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 36 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கும் இலவச யூனிட்டில் அது கணிசமான பங்கு. ஆகவே எத்தனை வாட் என்பதை நான் வேகத்துக்கு முன்னால் பார்க்கிறேன். பட்டுத்தூசி வேறு மின்விசிறியில் பஞ்சாகச் சுற்றிக்கொள்ளும். போன வாரம் திறந்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்து, சிபியுவின் பசையை மாற்றிப் பூசினேன். சூடு கண்கூடாகக் குறைந்தது. சத்தமும் அடங்கியது.

*

கார்டு எது என்பதில் இனிக் குழப்பமில்லை. என் போர்டில் கார்டுக்கான பாதை பிசிஐஇ 3. ஆர்டிஎக்ஸ் 5060 மாதிரி எட்டு லேன் மட்டும் உள்ள 8 ஜிபி கார்டுகள், நினைவகம் நிரம்பியதும் இந்தப் பழைய பாதையில் திணறும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி பதினாறு லேன், 16 ஜிபி வகை 160 வாட். என் சிபியுவோடு சேர்த்தாலும் 450 வாட்டுக்குள் அடங்குகிறது. நாளைக்கு ஏஎம்5-க்குப் போனாலும் அதே கார்டு கூடவே வரும்.

கார்டை இந்தத் தையில் வாங்குகிறேன். சிபியு, போர்டு, ரேம் மூன்றையும் ரேம் விலை இறங்கும்வரை தொடுவதாக இல்லை. உங்களிடமும் ஏஎம்4 போர்டு இருந்தால், கடைக்குப் போவதற்கு முன் பெட்டியைத் திறந்து எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட், கார்டுக்கான எட்டு முனை ஒயர் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.