எறியும் கையும் அகிம்சையும்

நீரை வடிகட்டிப் பருகுகிறோம். பொழுது சாயுமுன் உண்டு முடிக்கிறோம். கண்ணுக்குப் புலப்படாத உயிர்க்கும் ஊறு நேரலாகாது என்பதே நோக்கம். அவ்விரதம் காக்கும் கை, எஞ்சிய உணவைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து தெருமுனையில் எறிவது முறையாகுமா?

நானும் அவ்வாறு எறிந்தவளே. ஒரு நாள், நான் எறிந்த பையை முடிச்சோடு ஒரு பசு விழுங்கக் கண்டேன். விழுங்கிய பை செரிக்காது. இரைப்பையில் சேர்ந்து அடைத்து, நாளடைவில் உயிரையும் பறிக்கும். 'கொல்ல எண்ணவில்லையே' என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால், விழிப்பின்மையாகிய பிரமாதத்தால் உயிரை ஊறுபடுத்துவதே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. என் தேறுதல் அங்கே பொய்த்தது.

உழவிலும் சமையலிலும் நேரும் ஹிம்சைக்கு வாழ்க்கைத் தேவை என்னும் காரணமேனும் உண்டு. குப்பையை எறிவதற்குச் சோம்பலன்றி வேறு காரணமில்லை. இத்தகைய பயனற்ற தீங்கையே நம் ஆசாரியர்கள் அனர்த்த தண்டம் என்று விலக்கினர். முனிவரோ உடற்கழிவையும் உயிரில்லா இடம் தேர்ந்தே நீக்குவர். அது உத்சர்க்க சமிதி. அவ்விழிப்பில் ஒரு சிறு கூறேனும் இல்லறத்தார்க்கு வேண்டாமா?

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்துள்ளது. சட்டம் கடைக்காரரைத் தடுக்கலாம். நம் கையைத் தடுக்க வேண்டியவர் நாமே. கடைக்குத் துணிப்பை கொண்டு செல்வோம். காய்கறித் தோலைப் பையிலிடாது கழுநீர்த் தொட்டியில் சேர்ப்போம். மக்காத குப்பையை வேறாக்கித் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைப்போம். எதையும் எறியுமுன், 'இது எவ்வுயிரின் வாயில் சேரும்?' என்று ஒரு கணம் எண்ணுவோம். சிறாரையும் எண்ணப் பழக்குவோம்.