கொடுக்கச் சென்றவரின் கடன்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. மூன்று நாள்களுக்குப் பின்னரும் ஒருவர் தங்குவாரெனில் அவர் விருந்தாளி அல்லர். ஒன்று, வீட்டாருள் ஒருவராக வேண்டும். அன்றேல் வீட்டாருக்குச் சுமையாக வேண்டும். அயல்நாட்டுச் சிற்றூர் ஒன்றிற்குச் சென்று, ஊதியம் கருதாது ஆங்கிலம் கற்பிக்கும் இளைஞரை எண்ணும்போதெல்லாம் இப்பழமொழியே நம் நினைவிற்கு வருகின்றது. அவர் தங்குவது மூன்று நாள்கள் அன்று, இரண்டு ஆண்டுகள். அவர் நோக்கம் நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், நல்ல நோக்கம் ஒன்றே பிறர் முற்றத்தில் ஆசிரியராக நிற்கும் உரிமையை ஒருவருக்குத் தந்துவிடுமா? அன்பர்களே, இதனைச் சற்றுப் பொறுமையாக ஆய்ந்து பார்ப்போம்.

இவ்வகைத் தொண்டு இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் பெரும் இயக்கமாக வளர்ந்தது. 1958-ல் இங்கிலாந்தில் வி.எஸ்.ஓ. அமைப்பு தோன்றியது. 1961-ல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 'பீஸ் கோர்' என்னும் தொண்டர் அமைப்பை நிறுவினார். அவ்வமைப்பின் முதற் குழுவினர் அதே ஆண்டில் கானா நாட்டிற்கு ஆசிரியர்களாகவே சென்றனர். பின்னர் எத்தனையோ நாடுகள். அவற்றுள் நமீபியாவை மட்டும் எடுத்துக்கொள்வோம். நம் வினாவின் கூர்மை அங்கே நன்கு விளங்குகின்றது.

1915 முதல் தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த அந்நாடு 1990-ஆம் ஆண்டு மார்ச் 21 அன்று விடுதலை பெற்றது. ஆண்டவர்களின் மொழியாகிய ஆப்பிரிக்கான்சை விலக்கி, ஆங்கிலத்தை ஒரே ஆட்சிமொழியாக அதன் அரசியல் சட்டம் ஏற்றது. பல மொழியினர் வாழும் நாட்டில் எவர் பக்கமும் சாராத மொழி ஒன்று வேண்டும், உலகோடு பேசும் வாயிலும் வேண்டும் என்பது தலைவர்களின் எண்ணம். ஆயினும், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழப் பாதி வீடுகளில் பேசப்பட்டது ஒசிவாம்போ மொழியே; ஆங்கிலம் பேசிய வீடுகள் நூற்றுக்கு மூன்று அல்லது நான்குதான். வீட்டில் இல்லாத மொழி பள்ளியில் பாடமொழியாயிற்று. எனவே ஆங்கிலம் அறிந்த ஆசிரியர்கள் தேவைப்பட்டனர், தொண்டர்களும் வந்தனர்.

வந்தவர் முதலில் அறிந்துகொள்வது என்ன? தமக்கு ஒன்றும் தெரியாது என்பதே. வட பகுதியில் காலையில் ஒருவரைக் கண்டால், 'வா லாலா போ?' என்று கேட்க வேண்டும். நன்றாக உறங்கினீரா என்பது அதன் பொருள். பெரியவர் ஆயின் 'தாத்தே' என்றோ 'மேமே' என்றோ, தந்தையே, தாயே என்னும் முறை சொல்லி அழைக்க வேண்டும். வணக்கம் சொல்லாமல் நேரே காரியத்தைக் கேட்பது பண்பாகாது. அவசர உலகிலிருந்து வந்த பட்டதாரிக்கு இதை அவ்வீட்டுச் சிறுமி திருத்திச் சொல்ல வேண்டியிருக்கின்றது. உணவு கம்புக் களி. 'ஒசிஃபிமா' என்பர். நம் ஊர்க் கம்பேதான். ஆங்கு 'மகாங்கு' என்று பெயர். கைகழுவிப் பொதுக் கலத்திலிருந்து விரலால் எடுத்து உண்ணல் வேண்டும். அதையும் அவருக்குக் காட்டித் தர வேண்டியிருக்கின்றது. கற்பிக்க வந்தவர் உண்பதற்கும் பேசுவதற்கும் ஒரு குழந்தையைப் போலப் பிறரைச் சார்ந்து நிற்கின்றார். முதல் நாளிலிருந்தே அவர் கடனாளி.

பலர் இக்காலத்தை, எப்படியாவது கடந்து செல்ல வேண்டிய தொல்லை என்று எண்ணுகின்றனர். ஊர் பழகட்டும், பிறகு பணி தொடங்கும் என்பது அவர்தம் கணக்கு. நம் கருத்து வேறு. பழகுதலே பணியின் முதற் பாதி. பெறத் தெரியாதவர் கொடுக்கும்போது, பெறுபவரைத் தாழ்த்தியே கொடுப்பார்.

பள்ளியில் மற்றொரு சோதனை காத்திருக்கின்றது. இருபது ஆண்டுகள் கற்பித்த உள்ளூர் ஆசிரியை ஒருவரை எண்ணிப் பாருங்கள். தாம் படித்தது ஆப்பிரிக்கான்சில். கற்பிக்க வேண்டியது ஆங்கிலத்தில். நடுவயதில் புதுமொழி பழகி, அதைக் கொண்டே மாணவருக்குக் கணிதமும் அறிவியலும் விளக்குகின்றார். அவர் அருகில் இருபத்திரண்டு வயது இளைஞர் வந்து நிற்கின்றார். ஆங்கிலம் அவர் உழைத்துத் தேடிய செல்வம் அன்று, பிறப்போடு வந்தது. வகுப்பறையின் மதிப்போ அவரையே நாடுகின்றது. உழைத்துக் கற்றவர் ஒதுங்கி நிற்க, உழையாது பெற்றவர் முன்னே நிற்பது நீதியாகுமா?

இவ்வினாவை மிகக் கடுமையாக எழுப்பியவர் இவான் இலிச். வியன்னாவில் பிறந்த இவர் ஒரு கத்தோலிக்கக் குரு. மெக்சிகோவின் குவெர்னவாகா நகரில் ஒரு நிலையம் நடத்தி, வெளிநாட்டவர்க்கு ஸ்பானிய மொழியும் இலத்தீன் அமெரிக்க வாழ்வும் கற்பித்தார். 1968-ஆம் ஆண்டு ஏப்ரல் 20 அன்று, மெக்சிகோவின் சிற்றூர்களில் தொண்டு செய்ய முனைந்த அமெரிக்க மாணவர் முன் பேசினார். பாராட்டுரையை எதிர்பார்த்திருந்தவர்கள் அங்கே கேட்டது கண்டனத்தை. பார்க்க வாருங்கள், கற்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவ்வுரையின் சாரம். தம் வாழ்க்கைமுறையே உயர்ந்தது என்னும் எண்ணத்தை அறியாமலே சுமந்து செல்பவர், உதவி என்னும் பெயரில் அதனையே விற்கின்றார் என்பது அவர் குற்றச்சாட்டு.

இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. குருமடத்தில் நாம் பயின்ற ஒழுக்கவியலும் இதற்கு ஓரளவு துணை நிற்கின்றது. ஒரு செயல் நல்லதாக நோக்கம் மட்டும் நன்றாயிருந்தால் போதாது. செயலும் அதன் சூழ்நிலைகளும் நன்றாயிருத்தல் வேண்டும் என்று புனித தாமஸ் அக்வினாஸ் தெளிவுபடுத்தியுள்ளார். நோக்கம் தொண்டரின் உள்ளத்தில் இருக்கின்றது. சூழ்நிலையோ ஊராரின் வாழ்வில் இருக்கின்றது. அதனை அவர்களைக் கேளாமல் அறிய இயலாது.

இதனை எழுதும்போது நம் சொந்தத் தவறு ஒன்று நெஞ்சை உறுத்துகின்றது. குருப்பட்டம் பெற்ற தொடக்க ஆண்டுகளில் மலையடிவாரச் சிற்றூர் ஒன்றில் மாலை நேர ஆங்கில வகுப்பு தொடங்கினோம். இரண்டு ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் நடத்தினோம். அதில் நமக்குப் பெருமையும் உண்டு. நாம் மாற்றலாகிச் சென்ற மறுமாதமே வகுப்பு நின்றுபோயிற்று. அவ்வூரில் மேல்நிலைப் படிப்பு முடித்தோர் இருவர் இருந்தனர். அவர்கள் ஆர்வத்தோடு வாயிலில் நின்று பார்த்ததும் உண்டு. ஒருநாளாவது சாக்குக்கட்டியை அவர்கள் கையில் கொடுத்தோமா? இல்லை. பிள்ளைகளின் நலனை நாடினோம் என்றே அன்று நம்பினோம். நம் தேவை நிலைக்க வேண்டும் என்பதையும் உடன் நாடியிருந்தோம் என்பது பின்னரே புலப்பட்டது.

ஆகவே இலிச்சின் கண்டனத்தை ஏற்கின்றோம்; அவர் முடிவை மட்டும் முழுதும் ஏற்கத் தயங்குகின்றோம். யாரும் யாரிடமும் செல்லலாகாது எனில், மனிதர் ஒருவரையொருவர் அறிவதுதான் எங்ஙனம்? செல்லலாம்; ஆயின் கடனாளியாகச் செல்ல வேண்டும். அந்த ஆசிரியைக்குப் பதிலாக நில்லாமல் அவரோடு நிற்க வேண்டும். அவர் பாடம் நடத்த, தாம் உச்சரிப்புக்குத் துணையாகலாம். மாணவர் அறிய அவரிடம் ஒசிவாம்போ கற்கலாம். ஆசிரியரும் பிழையாகப் பேசிப் பேசியே ஒரு மொழியைக் கற்பதைக் காணும் மாணவன், தானும் வெட்கமின்றி வாய் திறப்பான்.

தம் எளிமையையும் தொண்டர் மிகுதியாக எண்ணிக்கொள்ளலாகாது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, உலகெங்கும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த பீஸ் கோர் தொண்டர் ஏறத்தாழ 7,000 பேரும் திரும்ப அழைக்கப்பட்டனர். பலருக்கு விடைபெறவும் நேரம் கிட்டவில்லை. அழைத்தது தவறன்று. எனினும் ஓர் உண்மை அன்று வெளிப்பட்டது: ஒரே களியை உண்டாலும், திரும்பிச் செல்லும் வழி உள்ளவரின் எளிமை வேறு, வழி இல்லாதவரின் எளிமை வேறு. அந்த வேறுபாட்டை மறவாதிருப்பதே தொண்டரின் தாழ்ச்சி.

அன்று தொண்டர் சென்ற பின்னும் வகுப்பறைகள் இருந்தன, ஆசிரியைகளும் இருந்தனர். அவர்கள் கை முன்னைவிட வலுப்பெற்றிருந்ததா என்பதே அத்தொண்டின் உண்மைத் தேர்வு. பங்கிலோ பள்ளியிலோ வீட்டிலோ, கொடுப்பவர் இடத்தில் நிற்கும் நம் அனைவருக்கும் அத்தேர்வு உண்டு. நாம் விடைபெறும் நாளில் சாக்குக்கட்டி யார் கையில் இருக்கும்? அந்நாள் வருமுன் அதனை நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.